ஏகாம்பரமும் எட்டாம் நம்பர் வண்டியும்

ஏகாம்பரத்தின் மனைவி சரோஜா போன் செய்தபோது நான் கடையில் ஒரு டிராக்டர்க்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் திருப்பிக் கொண்டுவந்த பேரிங் ஓடித் தேய்ந்தது என்றேன் நான். மாட்டவே இல்லை, புதிது என்றார் அவர். ரேணிகுண்டாவில் என் உதிரிபாகக் கடைக்கு வந்திருக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சண்டையைப் பாதியில் விடுகிறவன் இல்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "சொல்லும்மா" என்றேன். "அண்ணா, அவரு போயிட்டாரு" என்றாள். "எங்க போனாரு? சாயங்காலம் என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னாரே" என்றேன். பின்னால் யாரோ வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. டிராக்டர்க்காரர் என் முகத்தைப் பார்த்தார். பேரிங்கை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, பழசுதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நகரி ஏகாம்பரம் இப்படித்தான் எங்களை விட்டுப் போனார். காலையில் ஷெட்டுக்கு வந்து, டீ குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். உங்களில் பலருக்கு அவரை லாரிக்குப் பாடி கட்டுகிறவராகத் தெரியும். நாகலாபுரத்திலிருந்து சித்தூர் வரைக்கும் ஓடுகிற லாரிகளில் அவர் ஷெட்டிலிருந்து வந்தவை எத்தனையோ. அவற்றைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அவர் கட்டிய ஒரே ஒரு காரைப் பற்றி. அது லாரியும் இல்லை, யாரும் கேட்டுக் கட்டியதும் இல்லை.

அந்தக் காரின் படம் என் கடைக்குத்தான் முதலில் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய இயந்திரச் சாமான்களை நான் மொத்தமாக வாங்குவது வழக்கம். ஒருமுறை வந்த பெட்டியில், சாமான்கள் உரசாமல் இருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைத் திணித்திருந்தார்கள். ஏகாம்பரம் ஏதோ போல்ட் வாங்க வந்தவர், கசங்கிக் கிடந்த ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக் கையால் தேய்த்து நேராக்கினார். கறுப்பு வெள்ளைப் படம். தாழ்ந்து நீண்ட ஒரு கார். கதவு இல்லை, கூரை இல்லை, முன்சக்கரங்கள் திறந்து கிடந்தன. மூக்குப் பக்கத்தில் வெள்ளை வட்டம், அதற்குள் எட்டு என்ற எண். ஓட்டுகிறவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார். பின்னால் வைக்கோல் கட்டுகளும், வேடிக்கை பார்க்கிற ஊர்ச் சனங்களும்.

படத்துக்குக் கீழே நாலைந்து வரி மிச்சம் இருந்தது. மீதியோடு சேர்ந்து அந்த மனிதரின் பெயரும் கிழிந்து போயிருந்தது. ஏகாம்பரத்தோடு வந்திருந்த அவர் மகள் கல்பனா அதைப் படித்துச் சொன்னாள். உலகப் போர் முடிந்து அமெரிக்காவில் தன் ஊருக்குத் திரும்பிய ஒருவர், பழைய காரின் சட்டத்தை வெட்டிச் சுருக்கி, விமானத்தில் மிஞ்சிய அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிய வண்டியாம் அது. ஊர்ச் சாலைகளை அடைத்து வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டிய காலமாம். "வூட்ல கட்டினானாமே" என்று ஏகாம்பரம் திரும்பத் திரும்பச் சொன்னார். "கம்பெனி இல்லாம, வூட்ல. எப்டி ஏறி உக்காந்தான், கதவு இல்லியே? சைலென்சர் குழாய இன்னாத்துக்கு வெளியே வுட்டிருக்கான்?" வந்த வேலையை மறந்து, போல்ட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டு, தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் திரும்பி வந்தார், போல்ட்டுக்காக இல்லை. "நாதமுனி, அமெரிக்காவுல ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?" என்றார். இடது பக்கம் என்றேன். "இதுல பாரு." பார்த்தேன். படத்தில் ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தது, நம் ஊர் வண்டிகளைப் போல. "அப்ப இன்னா அர்த்தம்? படத்தத் திருப்பி அச்சடிச்சிட்டானுங்க" என்றார். கீழே எழுத்து நேராகத்தானே இருக்கிறது என்றேன். "எழுத்து வேற, படம் வேற. ஃபிலிமப் பின்பக்கமா வெச்சிட்டான். எங்க சித்தப்பா பொண்ணு கல்யாண ஆல்பத்துலயே பொண்ணுக்கு முந்தானி வலது தோள்ல இருக்குது, போய்ப் பாரு." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்தில் இருப்பது இருக்கிறபடி இருக்கட்டுமே, அச்சடித்தவனைவிட நீ என்ன பெரிய ஆளா என்று கேட்டேன். அன்று தொடங்கியது எங்கள் வாக்குவாதம்.

அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அவர் நகரியில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். ஒருநாள் அவரே சொன்னார்: "எங்க வூட்டுத் தறியில பூப் போட்ட சேலை ஓடறப்ப, மேல தெரியறது பின்பக்கம்தான்யா. நல்ல பக்கம் தரையப் பாத்துக்கினு இருக்கும். சின்ன வயசுலருந்து அப்பிடியே பாத்துப் பழக்கம். கண்ணுக்குத் தெரியறத மனசுல திருப்பிப் போட்டாத்தான் நிஜம்." வேறு ஊர்க்காரர் யாரும் ஒரு படத்தைப் பார்த்தவுடன் இது பின்பக்கம் என்று நினைக்கமாட்டார். நகரிக்காரர் நினைத்தார்.

உண்மையைக் கண்டுபிடிக்க அந்தப் படத்தை நாங்கள் படுத்தாத பாடு இல்லை. எண்ணை வைத்துச் சொல்லலாம் என்றால், எட்டைத் திருப்பினாலும் எட்டுதான். வேறு எந்த எண்ணாவது எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அந்த முகம் தெரியாத அமெரிக்கரை நான் திட்டாத நாள் இல்லை. பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம் என்றால், ஓட்டுகிறவர் சட்டையில் பொத்தானே இல்லை. கூட்டத்தில் ஒருவர் கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தார். ஏகாம்பரத்துக்கு ஒரே கொண்டாட்டம்: "பாத்தியா? நிஜத்துல அது இடது கை." என் மைத்துனர் பிறந்ததிலிருந்து வலது கையில்தான் கட்டுகிறார், அவரும் திருப்பி அச்சடித்தவரா என்று கேட்டேன். அப்போது ஷெட்டுக்கு டீ கொண்டுவந்த சரோஜா குனிந்து படத்தைப் பார்த்தாள். "இந்தப் பொம்பள கொழந்தைய இடது இடுப்புல வெச்சிக்கினு இருக்கா. சோத்துக் கை வேலைக்கு வோணும்னு எல்லாரும் அப்டித்தான் வெச்சிக்குவோம். படம் நேராத்தான் இருக்குது" என்றாள். அமெரிக்காவில் எப்படித் தூக்குவார்களோ யார் கண்டது என்று சொல்லி இரண்டு பேரும் அவளை அனுப்பிவிட்டோம்.

இன்டர்நெட்டில் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கல்பனா பார்த்தாள். அந்தக் காலத்தில் வீட்டில் கட்டிய பந்தய வண்டிகள் எத்தனையோ கிடைத்தன. இந்த வண்டி கிடைக்கவில்லை. சிலவற்றில் ஸ்டீயரிங் இடது பக்கம், சிலவற்றில் வலது, சிலவற்றில் நட்ட நடுவே. வலது பக்கம் இருந்ததெல்லாம் இங்கிலாந்து வண்டியாக இருக்கும் என்று ஏகாம்பரம் ஒதுக்கிவிட்டார். "போன்ல பாத்து முடிக்கறதுக்கு இதுல இன்னா இருக்குது? கட்டிப் பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஷெட்டின் பின்பக்கம் ஒரு பழைய ஜீப்பின் சட்டம் வந்து இறங்கியது.

கட்டக் கட்ட அவருக்கு ஒவ்வொரு கேள்வியாக விடை கிடைத்தது. சைலென்சர் குழாய் ஏன் வெளியே போகிறது என்றால், உள்ளே வைத்தால் ஓட்டுகிறவரின் கால் வெந்துவிடும். கதவு ஏன் இல்லை என்றால், கதவுக்காக வெட்டினால் அவ்வளவு மெல்லிய உடம்பு தாங்காது. இப்படி ஒன்று தெரிந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு என் கடைக்கு நடந்து வந்துவிடுவார். பழைய பஸ்களின் பக்கத்துத் தகடுகளை மணல் மூட்டையில் வைத்துத் தட்டித்தட்டி அந்த மூக்கைக் கொண்டுவந்தார். ஒரு டாக்ஸியிலிருந்து கழற்றிய இன்ஜின் என் மூலமாகத்தான் போனது. ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஜீப்பில் ஸ்டீயரிங் தானாகவே வலது பக்கம்தான் இருந்தது. அதைக் கழற்றி, கம்பிகளையெல்லாம் மாற்றி, பாடுபட்டு இடது பக்கம் கொண்டுபோனார். "இருக்கறத வுட்டுட்டு இன்னாத்துக்குய்யா இந்த வேலை?" என்று கத்தினேன். "அந்த ஆளு அந்தப் பக்கம்தான உக்காந்திருப்பான். நமக்குச் சுலபம்னு எடத்த மாத்த முடியுமா?" என்றார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கு அதுதான் இன்னும் கடுப்பு.

வண்டி முடிகிற சமயத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். ஏகாம்பரம் டாக்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்டார். எதற்கு என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலிலேயே சரோஜா பிடித்துக்கொண்டாள். "வண்டி எங்க ஓடிப்போவுது? நீங்க இருந்தாத்தான வண்டி" என்று அழுதாள். அவர் அவளிடம் சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஆபரேஷன்ல போயிட்டன்னா தெரியாமயே போயிடுவேன் சரோஜா. எனக்குப் பயம் அது ஒண்ணுதான். ஒரு தரம் ஓட்டிட்டா, கட்டினது சரியா தப்பான்னு தெரிஞ்சிடும். அப்பறம் நீ எங்க படுக்கச் சொல்றியோ படுத்துக்கறேன்." வழியெல்லாம் பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பதிவு எண் இல்லாத வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. சித்தூர் போகிற வழியில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை இருக்கிறது. அதன் முதலாளிக்கு ஏகாம்பரம் நிறைய லாரி கட்டிக் கொடுத்திருக்கிறார். சீசன் இல்லாத மாதங்களில் அதன் முற்றம் காலியாகக் கிடக்கும். மாங்காய் லாரிகள் திரும்புவதற்காகவே போட்ட பெரிய சிமெண்டுத் தளம். நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், ஒரு மூலையில் லாரிகளை நிறுக்கிற எடை மேடை. எட்டாம் நம்பர் வண்டியை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம். வைக்கோல் கட்டுக்குப் பதிலாக மாங்காய்க் கூடைகளை, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கூடைகளை, அடுக்கி வழி அமைத்தோம். பூசை போடாமல் வண்டி நகரக் கூடாது என்று சரோஜா நாராயணவனத்திலிருந்து ஒரு ஐயரை வரவழைத்திருந்தாள். அவர் தட்டோடு நேராக வலது பக்கம் போய் நின்றார். அங்கே ஸ்டீயரிங்கைக் காணாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதில் மும்முரமாக இருந்தார்.

பிள்ளையார் நடுவில் இருந்ததால் வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று வாட்ச்மேன் முனிரத்தினம் முதலிலேயே சொல்லிவிட்டார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாமியை வேறு எப்படிச் சுற்றுவது? ஏகாம்பரம் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். முதல் சுற்று மெதுவாகப் போனது. வண்டி ஓடியதைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. அடுத்த சுற்றில் வேகம் எடுத்தார். ஒவ்வொரு மூலையிலும், அதிலும் எடை மேடை மூலையில், வலது பக்கமாகத் திரும்பும்போது உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி வெறுமனே சுழன்றது. வண்டி இழுவை இல்லாமல் திணறி, கூடைகளில் உரசிக்கொண்டு போனது. சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன்.

இறங்கியவர் முதலில் கேட்டது, "எந்தச் சக்கரம்?" வலது பின்சக்கரம் என்றேன். "எந்த மூலையில?" எல்லா மூலையிலும் என்றேன். வலமாகச் சுற்றினால் எல்லா மூலையும் வலது பக்கத் திருப்பம்தானே. அவர் வண்டியைச் சுற்றி நடந்தார். தன் இருக்கையைப் பார்த்தார், பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு முனிரத்தினத்திடம், "உன் ரூம்ல அரிசி மூட்டை இருக்குதா?" என்றார். இருந்தது. அந்த மூட்டையைத் தூக்கி வலது பக்கம் வைத்துக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். மறுபடி ஏறி அதே வேகத்தில் அதே மூலைக்குப் போனார். இந்தமுறை சக்கரம் தரையைவிட்டு எழும்பவில்லை.

அடுத்ததாக எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பார்க்க வண்டியைத் திருப்பப் போனார். முனிரத்தினம் குறுக்கே வந்து நின்று, "வத்து சாமி, வத்து" என்று தெலுங்கில் வேண்டாம் சொல்லி ஆரம்பித்து, "புள்ளாருக்கு எதிர்ச்சுத்து சுத்தாதீங்க, மொதலாளி என்னை வேலைல வெச்சிக்கமாட்டாரு" என்று தமிழில் முடித்தார். ஏகாம்பரம் இன்ஜினை நிறுத்தினார். "நாம வலமா சுத்தறோம், சாமி இருக்கறதால. அமெரிக்காக்காரன் எந்தப் பக்கமா சுத்தினான்?" என்றார். இரண்டு வருஷமாக அந்தப் படத்தோடு மல்லுக்கட்டியும் இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கல்பனா போனை எடுத்தாள். அந்தக் காலத்து ஊர்ச் சாலைப் பந்தயங்களின் பழைய வரைபடங்கள் கிடைத்தன. ஓடுகிற திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். "நைனா, அநேகமா எல்லாமே கடிகார முள்ளு போற மாதிரிதான் போவுது" என்றாள். வலமாகத்தான். திருப்பங்களில் பெரும்பாலானவை வலது பக்கம்.

"அரிசி மூட்டை உக்காந்த எடத்துல நான் உக்காந்திருக்கணும்" என்றார் ஏகாம்பரம். "ஆளோட கனம் உள்பக்கம் இருக்கணும்னு வேணும்னேதான் வலது பக்கம் வெச்சிருக்கான். படம் நேர் படம்யா. நான்தான் மொத்த வண்டியையும் திருப்பிக் கட்டிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்பனாவின் கல்யாணத்தன்றுகூட இல்லை. சரோஜா, "நான் அன்னிக்கே சொன்னேன், கொழந்தைய வெச்சிக்கினு இருக்கறதப் பாத்து" என்றாள். "நீ சொன்னது சரி. படம் நேரா இருக்குதுன்னு சொன்ன. ஏன் அங்க உக்காந்தான்னு நீயும் சொல்லல, இவனும் சொல்லல" என்றார்.

வாதத்தில் ஜெயித்தது நான். ஆனால் எனக்கு வந்தது எரிச்சல். "ரெண்டு வருஷ உழைப்பு போச்சேய்யா, சிரிக்கற" என்றேன். "எங்க போச்சு? மொதல்லயே நீ சொன்ன மாதிரி வலது பக்கம் வெச்சிருந்தா, நல்லா ஓடியிருக்கும். ஏன் நல்லா ஓடுதுன்னு தெரியாமயே ஓட்டிக்கினு இருந்திருப்பேன். தப்பா கட்டினதாலதான தெரிஞ்சுது" என்றார்.

சொன்ன சொல் தவறாமல் அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் டாக்டரிடம் ஸ்டீயரிங் கதையைச் சொல்லிக்கொண்டே போனார் என்று கல்பனா சொன்னாள். நல்லபடியாக வெளியே வந்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதனால் தூக்குகிற வேலையெல்லாம் ஷெட் ஆட்களுக்கு, சொல்கிற வேலை அவருக்கு. ஸ்டீயரிங்கை இடது பக்கத்திலிருந்து கழற்றி, ஜீப்பில் அது இருந்த வலது பக்கத்துக்கே கொண்டுவந்தார். இருக்கையையும் பெடல்களையும் மாற்றினார். பழைய ஓட்டைகளை அடைத்துத் தகடு வைத்து, எட்டு என்ற எண்ணைத் திரும்ப எழுதினார். அதற்குள் மாங்காய் சீசன் வந்துவிட்டது. தொழிற்சாலை முற்றம் முழுக்க டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நின்றன. ஈயும் மாம்பழ வாசனையும் தவிர அங்கே வேறெதற்கும் இடம் இல்லை. "சீசன் முடியட்டும். டாக்டரு சரின்னா நான் ஓட்டறேன், இல்லன்னா நீ ஓட்டு, நான் மூலையில நின்னு பாக்கறேன்" என்றார். நான் அந்த வண்டியில் உட்காரமாட்டேன் என்று சொன்னேன். சீசன் முடியவில்லை. அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து சில வாரங்கள் கழித்து சரோஜா கடைக்கு வந்தாள். அவள் என் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. "மாங்கா முடிஞ்சிடுச்சாம் அண்ணா, முனிரத்தினம் போன் பண்ணாரு" என்றாள். "அவரு கட்டினது தப்புன்னு அவரு தெரிஞ்சிக்கினாரு. அதுக்கப்பறம் மாத்தினாரே, அது சரியா இல்லியான்னு தெரியாமயே போயிட்டாரு. எனக்கு அது ஒண்ணுதான் மனசுல கெடந்து அறுக்குது. நீங்க ஓட்டுங்க. நான் பாக்கறேன்" என்றாள். அந்த வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள். அவளுக்கு என்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்பனாவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். மறுபடியும் மஞ்சள் கூடைகளை அடுக்கினோம். கழுவியிருந்தாலும் தளம் முழுக்க மாம்பழப் பிசுக்கும் வாசனையும். கதவு இல்லாத வண்டிக்குள் காலை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் நான் திண்டாடியபோது, முனிரத்தினம் பிடித்து இறக்கி உட்காரவைத்தார். என் உட்காருமிடம் தரைக்கு ஒரு முழம்கூட மேலே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். சரோஜா எடை மேடை மூலைக்குப் போய், புடவையைச் செருகிக்கொண்டு, சக்கரம் தெரிகிற மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளப்பினேன்.

முதல் சுற்று முடிந்து அவள் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினேன். "இது இன்னா அண்ணா, மாட்டு வண்டி மாதிரி? அவரு இப்டியா ஓட்டினாரு?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த சுற்றில் மிதித்தேன். காற்று கண்ணில் அறைந்தது, கூடைகள் மஞ்சள் கோடாகப் போயின. மூலை வந்தது. திருப்பினேன். சறுக்கிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பியது. என் கனம் முழுக்க வலது பக்கம் அழுத்தி உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. பின்னால் சக்கரம் என்ன ஆனது என்று என்னால் பார்க்க முடியாது. சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அவளைப் பார்த்தேன்.

சரோஜா எழுந்திருக்கவில்லை. தரையில் ஒரு இடத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தாள். பிசுக்கில் டயர் அழுந்திப் போன தடம் அங்கே அறுபடாமல் வளைந்து போயிருந்தது. "எழும்பல அண்ணா" என்றாள். "கொஞ்சங்கூட எழும்பல." அதைச் சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. கல்பனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நான் வண்டியிலிருந்து இறங்கத் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏகாம்பரத்தைத் தெரிந்தவர்களே, வண்டி இப்போது ஷெட்டில்தான் இருக்கிறது. போனால் சரோஜா காட்டுவாள். ஓட்டுகிறவர் ஏன் வலது பக்கம் உட்கார வேண்டும் என்று அவளே விளக்குவாள், அவரைவிடச் சுருக்கமாக. படத்தைக் கல்பனா எடுத்துக்கொண்டாள். நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. என்னிடம் இருப்பது, நெஞ்சைத் திறப்பதற்கு முந்தின வாரத்தில் ஒரு மனிதர், தான் கட்டியது மொத்தமும் தப்பு என்று தெரிந்த நிமிஷத்தில் சிரித்த சிரிப்பு. வாழ்நாளெல்லாம் சண்டையில் ஜெயித்தே பழகியவன் நான். ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை. இப்போதெல்லாம் யாராவது, "நீங்க சொல்றது தப்பு" என்றால் கோபம் வருவதற்குள் ஏன் என்று கேட்டுப் பார்க்கிறேன். சில சமயம் அவர்கள் சொல்வது சரியாக இருக்கிறது. சிரிப்பு மட்டும் இன்னும் எனக்கு வரவில்லை.